தமிழாசிரியரும் ஆலைத் தொழிலாளரும்

நுழையும் முன்

பெங்களூரு மாநகரில் மாகடி சாலையை அடுத்துப் பின்னிப்பேட்டை என்னும் பகுதி உள்ளது. முன்னாளில் அங்குப் பெரியதொரு நெசவாலை இயங்கியது. அதனை நடத்திய பின்னி நிறுவனத்தின் பெயரே அப்பகுதிக்கும் அமைந்தது. தமிழகத்திலிருந்து வேலை தேடி வந்தோர் பலரும் பெங்களூரு ஆலைகளில் உழைத்தனர். அதே பின்னி நிறுவனத்தின் மேலாண்மையில் சென்னையின் பெரம்பூரில் இரண்டு ஆலைகள் இருந்தன. அவ்வாலைகளின் தொழிலாளர் 1918ஆம் ஆண்டில் ஒரு சங்கம் கண்டனர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அது போற்றப்படுகிறது. அச்சங்கத்திற்குத் தோள்கொடுத்த தமிழாசிரியர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

பிறப்பும் இளமையும்

செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் கலியாணசுந்தரனார் பிறந்தார். தந்தையார் விருத்தாசலனார், தாயார் சின்னம்மையார். இவர்தம் முன்னோர் திருவாரூரைச் சேர்ந்தவர். எனவே, திருவாரூர் விருத்தாசலக் கலியாணசுந்தரனார் என்பது இவரது முழுப்பெயராயிற்று. அதன் சுருக்கமே திரு.வி.க. என்பது. இப்பெயரில் முதலில் நிற்கும் திரு என்பது மதிப்புக்காகச் சேர்க்கும் சொல் அன்று. அது திருவாரூரைக் குறிப்பதாகும்.

தொடக்கக் கல்வியைத் தந்தையாரிடமே கற்றார். பின்னர்க் குடும்பம் சென்னை இராயப்பேட்டையில் குடியேறியது. அங்கு வெஸ்லி பள்ளியில் பயின்றார். இடையில் நோயுற்றுக் கைகால்கள் முடங்கியமையால் அவரது படிப்பு சில ஆண்டுகள் தடைப்பட்டது. நலம்பெற்ற பின் மீண்டும் பள்ளிக்குச் சென்றார்.

அப்பள்ளியில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை தமிழாசிரியராக இருந்தார். அவருடைய புலமையும் சொல்வன்மையும் மாணவராகிய திரு.வி.க.வின் உள்ளத்தைக் கவர்ந்தன. தமிழ் நூல்களை முறையாகக் கற்கும் ஆர்வம் அவரிடமிருந்தே திரு.வி.க.விற்கு வாய்த்தது. 1904ஆம் ஆண்டில் கதிரைவேற்பிள்ளை தொடர்புடைய வழக்கு ஒன்று நீதிமன்றத்தில் நடைபெற்றது. ஆசிரியர் பொருட்டுச் சாட்சி கூற மாணவர் செல்ல வேண்டியிருந்தது. அதனால் பள்ளி இறுதித் தேர்வினை அவர் எழுத இயலவில்லை. அத்துடன் அவரது பள்ளிக் கல்வி நின்றது. தேர்வை இழந்தபோதும் கற்பதை அவர் நிறுத்தவில்லை. கதிரைவேற்பிள்ளை 1907ஆம் ஆண்டில் மறைந்தார். பின்னர் மயிலைத் தணிகாசலனாரிடம் தமிழ் நூல்களையும் சைவ நூல்களையும் பாடங்கேட்டார்.

ஆசிரியப் பணியும் இதழ்ப் பணியும்

திரு.வி.க. சிறிது காலம் ஸ்பென்சர் நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். பின்பு, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். அதன்பின் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியராக உயர்ந்தார். தேர்வெழுத முடியாமற்போன மாணவர், தாம் பயின்ற நிறுவனத்திலேயே தமிழ் கற்பிக்கும் நிலையை அடைந்தார்.

1912ஆம் ஆண்டில் கமலாம்பிகையாரை மணந்தார். அவ்வம்மையார் கணவரிடம் தமிழ் நூல்களைக் கற்றார். அவர்களுக்குப் பிறந்த இரு குழந்தைகளும் இளமையிலேயே இறந்தன.

அந்நாளில் நாட்டு விடுதலை உணர்ச்சி எங்கும் பரவியிருந்தது. ஆயினும் அரசியல் மேடைகளில் ஆங்கிலமே பெரிதும் ஒலித்தது. ஆங்கிலம் அறியாத எளிய மக்களுக்கு அப்பேச்சு எட்டவில்லை. அவர்களுடைய மொழியில் அரசியலை எடுத்துரைக்க வேண்டும் என்று திரு.வி.க. கருதினார். 1917ஆம் ஆண்டு இறுதியில் நிலையான ஆசிரியப் பணியைத் துறந்து, தேசபக்தன் என்னும் நாளிதழின் ஆசிரியரானார். அரசியல் கருத்துகளை நல்ல தமிழில் எழுத முடியும் என்பதை அவ்விதழ் மெய்ப்பித்தது. 1920ஆம் ஆண்டில் நவசக்தி என்னும் இதழைத் தொடங்கி அப்பணியைத் தொடர்ந்தார்.

ஆலையும் தொழிலாளரும்

பெரம்பூரில் பக்கிங்காம் ஆலை, கர்நாடிக் ஆலை என இரு பெரும் ஆலைகள் இருந்தன. இரண்டிலுமாக ஏறத்தாழ 10,000 தொழிலாளர் வேலை செய்தனர். பஞ்சினைத் தூய்மை செய்தல், நூற்றல், நெய்தல் எனப் பல பிரிவுகள் அங்கிருந்தன. தறிகளின் பேரொலியில் அருகில் நிற்பவர் பேசுவதும் கேளாது. பஞ்சுத்தூசி காற்றில் எப்போதும் மிதக்கும். நூல் அறாதிருக்க நெசவுக்கூடத்தில் ஈரவெப்பம் நிலவ வேண்டும். அவ்வெப்பத்தில் நின்றே தொழிலாளர் உழைத்தனர்.

அன்றைய சட்டப்படி, நெசவாலையில் ஆண் தொழிலாளரை நாளொன்றுக்கு 12 மணிநேரம் வரை வேலை வாங்கலாம். பெரம்பூர் ஆலைகளில் நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே விடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்து, கைகழுவி, உண்டு, மீண்டும் உள்ளே செல்ல அந்நேரம் போதவில்லை. முதல் உலகப்போரினால் அரிசி, துணி முதலியவற்றின் விலை ஏறியது. கூலி அதற்கேற்ப உயரவில்லை. மேற்பார்வையாளர் சிலரின் கடுஞ்சொல்லும் அடியும் தொழிலாளருக்கு மேலும் துன்பம் தந்தன. தனித்து நின்று குறையைக் கூறுபவர் வேலையை இழக்க நேரிடும். ஆதலால் பலரும் வாய்திறவாமல் இருந்தனர்.

சங்கம் தோன்றுதல்

ஆலைகளுக்கு அருகில் வாழ்ந்த செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்னும் வணிகர் இருவர் தொழிலாளரின் துன்பத்தை நாள்தோறும் கண்டனர். அவர்கள் வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபையை நடத்தி வந்தனர். அச்சபையின் சொற்பொழிவுகளைக் கேட்கத் தொழிலாளர் திரளாக வருவது வழக்கம். சொற்பொழிவு முடிந்தபின் அவர்கள் தம் குறைகளையும் அங்கே பேசினர்.

அவ்விருவரும் திரு.வி.க.வை அணுகித் தொழிலாளரிடையே உரையாற்ற வேண்டினர். 1918ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெரம்பூரில் நடந்த கூட்டத்தில் அவர் பேசினார். தொழிலாளருக்குச் சங்கம் எதற்கு என்பதை அவர்களுக்கு விளங்கும் தமிழில் எடுத்துரைத்தார். தமிழாசிரியரான அவருக்கு அரிய கருத்தை எளிமையாகக் கூறும் பயிற்சி இயல்பாகவே அமைந்திருந்தது. வகுப்பறையில் அவர் பெற்ற அத்திறன் ஆலைவாயிலில் தொழிலாளருக்குப் பயன்பட்டது.

செல்வபதியாரும் இராமானுஜலுவும் அன்னிபெசண்ட் அம்மையாரின் துணைவராக விளங்கிய பி.பி. வாடியாவையும் சந்தித்து உதவி கேட்டனர். வாடியா பம்பாயைச் சேர்ந்த பார்சி இனத்தவர். அவர் பெரம்பூருக்கு வந்து தொழிலாளரின் நிலையை நேரில் கேட்டறிந்தார். 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் முறையாகத் தொடங்கப்பெற்றது. வாடியா தலைவரானார். திரு.வி.க. துணைத்தலைவர்களுள் ஒருவரானார். செல்வபதியாரும் இராமானுஜலுவும் செயலாளர் பொறுப்பை ஏற்றனர்.

வாடியா ஆங்கிலத்தில் பேசுபவர். தொழிலாளரோ தமிழும் தெலுங்கும் உருதும் பேசுபவர். எனவே அவரது உரையை மக்கள் மொழியில் எடுத்துரைப்போர் தேவைப்பட்டனர். அவ்வாறு உரைத்தவர்களுள் திரு.வி.க.வும் ஒருவர். இந்து, முகம்மதியர், கிறித்தவர் எனப் பல சமயத்தவரும் பல சாதியினரும் அக்கூட்டங்களில் அருகருகே அமர்ந்தனர்.

சங்கத்தின் முதற்கோரிக்கைகளுள் ஒன்று உணவு இடைவேளை பற்றியது. அரைமணி நேரம் 40 நிமிடங்களாக உயர்ந்தது. கூடுதலாகக் கிடைத்தவை 10 நிமிடங்களே. எனினும், தனியொருவர் கேட்டுப் பெற முடியாத ஒன்றைக் கூடிக் கேட்டால் பெறலாம் என்னும் நம்பிக்கை அதனால் பிறந்தது.

அதே ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கமலாம்பிகையார் என்புருக்கி நோயால் மறைந்தார். அப்போது திரு.வி.க.வுக்கு வயது 35. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. துயரத்தைத் தாங்கிக்கொண்டு இதழ்ப்பணியையும் சங்கப்பணியையும் தொடர்ந்தார்.

கதவடைப்பும் நீதிமன்றத் தடையும்

தொழிலாளர் தாமே வேலைக்குச் செல்லாதிருப்பது வேலைநிறுத்தம் எனப்படும். முதலாளி ஆலையை மூடித் தொழிலாளரை உள்ளே விடாதிருப்பது கதவடைப்பு எனப்படும். 1920ஆம் ஆண்டு அக்டோபரில் பெரம்பூரில் நீண்ட கதவடைப்பு ஏற்பட்டது. கூலியின்றித் தொழிலாளர் குடும்பங்கள் வாடின. டிசம்பர்த் திங்களில் காவலர் சுட்டதில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர்.

ஆலை நிறுவனம் சங்கத் தலைவர்கள்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. சங்கம் அமைப்பதைத் தடை செய்யும் சட்டம் அந்நாளில் இல்லை. சங்கத்தைக் காக்கும் சட்டமும் இல்லை. வேலைக்குச் செல்லாதிருக்குமாறு தொழிலாளரிடம் கூறுவது, முதலாளியுடன் அவர்கள் செய்த ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவதாகும் என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் தலைவர்களுக்குத் தடையாணை விதித்தது. 1921ஆம் ஆண்டு சனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. வாடியா சங்கத்திலிருந்து விலக வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. தொழிலாளர் மீண்டும் வேலை பெறும்பொருட்டு அவர் விலகினார்.

இந்நிகழ்ச்சி இந்தியா முழுவதும் பேசப்பட்டது. தலைவர்கள்மீது இவ்வாறு வழக்குத் தொடுக்க முடியுமானால், எந்த ஊரிலும் சங்கம் நிலைக்காது என்பதைப் பலரும் உணர்ந்தனர். தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்னும் தீர்மானத்தை 1921ஆம் ஆண்டில் என்.எம். ஜோஷி மத்தியச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார்.

1921ஆம் ஆண்டுப் போராட்டம்

வாடியா விலகியபின் சங்கத்தின் சுமை திரு.வி.க., சக்கரைச் செட்டியார் முதலியோரின் தோள்களில் விழுந்தது. 1921ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆலைகளில் மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. அது அக்டோபர் வரை நீடித்தது. திரு.வி.க. பொறுத்துக்கொண்ட சோதனைகளுள் இதுவே பெரியது.

வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டவர் அனைவருடைய நிலையும் ஒன்றாக இல்லை. சொந்த ஊரில் சிறிதளவு நிலமோ உறவினர் துணையோ உடையவர் சில காலம் தாக்குப்பிடிக்க முடிந்தது. ஒடுக்கப்பட்ட ஆதிதிராவிடத் தொழிலாளர் பலருக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. ஆலைக்கு வெளியே சாதி வேற்றுமை அவர்களை நாள்தோறும் வருத்தியது. சங்கத்தில் ஒன்றாக அமர்ந்தவர்கள் தெருவில் ஒன்றாக வாழவில்லை. இந்நிலையில் ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினர்.

வெளியே நின்றவர்களுக்கும் உள்ளே சென்றவர்களுக்கும் இடையே பகை மூண்டது. முன்பு ஒரே தறிக்கூடத்தில் உழைத்தவர்கள் புளியந்தோப்புப் பகுதியில் ஒருவரையொருவர் தாக்கினர். குடிசைகள் தீக்கிரையாயின. ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் காவலர் துப்பாக்கியால் சுட்டதில் உயிர்கள் பலியாயின. உழைப்பால் ஒன்றுபட்ட மக்களைச் சாதி பிரித்தது.

திரு.வி.க. அமைதி வழியையே வலியுறுத்தினார். அடித்தவர் எவராயினும் அது சங்கத்திற்குக் கேடு என்பது அவரது கொள்கை. அரசோ அவர்மீது ஐயம் கொண்டது. சென்னை மாகாண ஆளுநர் வில்லிங்டன் பிரபு அவரை அழைத்து, நாடுகடத்த நேரிடும் என எச்சரித்தார். அரசியலில் மாற்றுக்கட்சியைச் சார்ந்த பிட்டி தியாகராயர் அவருக்காகப் பரிந்து பேசினார். நாடுகடத்தல் நிகழவில்லை. எச்சரிக்கைக்கு அஞ்சித் திரு.வி.க. தொழிலாளரை விட்டு விலகவும் இல்லை.

எனினும் பசி வென்றது. அக்டோபரில் தொழிலாளர் தம் கோரிக்கை நிறைவேறாமலே வேலைக்குத் திரும்பினர். பலர் வேலையை இழந்தனர். சங்கம் மெலிந்தது. அப்போராட்டம் தோல்வியே அடைந்தது.

தோல்விக்குப் பின்

தோல்வியுற்ற இயக்கத்தை விட்டுத் தலைவர்கள் விலகுவது உலக வழக்கு. திரு.வி.க. அவ்வாறு விலகவில்லை. இரயில்வே தொழிலாளர், டிராம் வண்டித் தொழிலாளர், அச்சகத் தொழிலாளர் எனப் பல துறையினரின் கூட்டங்களுக்கும் சென்றார். அழைத்தவரிடம் நடந்து சென்று பேசினார். நவசக்தியில் தொழிலாளர் செய்திகளுக்கு இடம் தந்தார். சென்னையில் தொழிலாளர் இயக்கத்தை வளர்த்த சிங்காரவேலரும் இக்காலத்தவரே. அவர் 1923ஆம் ஆண்டு மே முதல் நாளைத் தொழிலாளர் நாளாகச் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார்.

தொழிலாளரின் குரல் மெல்ல மெல்லச் சட்டமாயிற்று. 1922ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வேலை நேரத்தை நாளுக்கு 11 மணியாகவும் கிழமைக்கு 60 மணியாகவும் குறைத்தது. 1926ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. பதிவுபெற்ற சங்கத்தின் தலைவர்கள், வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர் என்னும் காரணத்திற்காக வழக்கில் சிக்காதவாறு அச்சட்டம் பாதுகாப்பு அளித்தது. பெரம்பூரில் நிகழ்ந்த வழக்கே அச்சட்டத்திற்கு வித்திட்டது.

அச்சட்டம் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட பகுதிகளுக்கே உரியது. பெங்களூரு நகரம் மைசூர் மன்னராட்சியில் இருந்தது. ஆகவே ஒரே நிறுவனத்தின் கீழ் வேலை செய்தபோதும், பெரம்பூர்த் தொழிலாளருக்குக் கிடைத்த பாதுகாப்புப் பெங்களூருத் தொழிலாளருக்கு உடனே கிடைக்கவில்லை. மைசூர் அரசு 1940களின் தொடக்கத்திலேயே தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அதுவரை பெங்களூருத் தொழிலாளர் சட்டத்தின் துணையின்றியே தம் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது.

அரசியலிலும் திரு.வி.க. பெருமதிப்புப் பெற்றார். 1925ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்தில் நடந்த காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பின்னர்க் கட்சி அரசியலிலிருந்து மெல்ல விலகித் தமிழ்ப்பணியிலும் தொழிலாளர் பணியிலும் ஈடுபட்டார்.

தமிழ்ப்பணி

திரு.வி.க.வின் தமிழ் நடை இனிமையும் தெளிவும் உடையது. அதனால் மக்கள் அவரைத் தமிழ்த்தென்றல் என அழைத்தனர். அரசியல், சமயம், பெண்ணுரிமை, இயற்கை, தொழிலாளர் வாழ்வு ஆகிய பொருள்கள் பற்றி நூல்கள் எழுதினார். மனித வாழ்க்கையும் காந்தியடிகளும், பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத்துணை, முருகன் அல்லது அழகு, பொதுமை வேட்டல் ஆகியன அவற்றுள் சில. 1944ஆம் ஆண்டில் வெளிவந்த திரு.வி.க. வாழ்க்கைக் குறிப்புகள், தமிழில் எழுந்த சிறந்த தன்வரலாறுகளுள் ஒன்று. அக்காலத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றையும் அந்நூலால் அறியலாம்.

இறுதிக்காலம்

1947ஆம் ஆண்டில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் மீண்டும் நீண்ட வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது சங்கத்தின் தலைவராக இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அந்தோணிப் பிள்ளை. திரு.வி.க. 64 வயதை நெருங்கிய முதியவர். ஆயினும் தொழிலாளர் பக்கமே நின்றார். நாடு விடுதலை பெற்ற அவ்வாண்டில், விடுதலைக்கு உழைத்த அவரை மாகாண அரசு சில மாதங்கள் வீட்டுக் காவலில் வைத்தது. ஆங்கில ஆட்சியின் எச்சரிக்கையை 1921இல் ஏற்ற அமைதியுடனேயே தம் நாட்டவர் இட்ட காவலையும் ஏற்றார். ஆள்வோர் மாறினாலும் உழைப்போரின் குறையைக் கேட்பவர் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

முதுமையில் அவருடைய கண்ணொளி மங்கி இறுதியில் மறைந்தது. தாம் எழுத இயலாத நிலையில், தாம் சொல்லப் பிறரைக் கொண்டு எழுதச்செய்து நூல்களை வெளியிட்டார். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் இயற்கை எய்தினார்.

பெரம்பூரை அடுத்துள்ள ஒரு குடியிருப்புப் பகுதி இன்று திரு.வி.க. நகர் என வழங்குகிறது. அவர் வாழ்ந்த இராயப்பேட்டையின் நெடுஞ்சாலை திரு.வி.க. சாலை எனப் பெயர் பெற்றுள்ளது. பெரம்பூர் ஆலைகளும் பெங்களூரு பின்னி ஆலையும் இப்போது இயங்கவில்லை. 1918ஆம் ஆண்டில் தோன்றிய சங்கத்தின் வழியாகத் தொழிலாளர் பெற்ற உரிமைகளோ பிற தொழிற்சாலைகளில் இன்றும் வாழ்கின்றன.

சொல்லும் பொருளும்

மேலாண்மை – நிருவாகம்
நெசவாலை – துணி நெய்யும் தொழிற்சாலை
கூலி – உழைப்புக்குரிய ஊதியம்
கணக்கர் – கணக்கு எழுதுபவர்
என்புருக்கி நோய் – காசநோய்
நிபந்தனை – உடன்பாட்டிற்குரிய கட்டுப்பாடு
தடையாணை – ஒரு செயலைச் செய்யக்கூடாது என நீதிமன்றம் இடும் கட்டளை
பரிந்து பேசுதல் – ஒருவர் நலம் கருதி அவருக்காகப் பேசுதல்
கிழமை – வாரம்
தன்வரலாறு – தம் வாழ்க்கையைத் தாமே எழுதும் நூல்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. திரு.வி.க. பிறந்த ஊர் __________.
2. திரு.வி.க.வின் தமிழாசிரியர் __________.
3. சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பெற்ற நாள் __________.
4. சங்கத்தின் முதல் தலைவர் __________.
5. இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறிய ஆண்டு __________.

ஆ. சரியா, தவறா எனக் குறிப்பிடுக. தவறாயின் திருத்தி எழுதுக.

1. திரு.வி.க. என்னும் பெயரில் திரு என்பது மதிப்பைக் குறிக்கும் அடைமொழி.
2. முதலாளி ஆலையை மூடுவது வேலைநிறுத்தம் எனப்படும்.
3. 1921ஆம் ஆண்டுப் போராட்டத்தில் தொழிலாளர் வெற்றி பெற்றனர்.
4. 1926ஆம் ஆண்டுச் சட்டம் பெங்களூரு நகருக்கு உடனே பொருந்தவில்லை.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. திரு.வி.க. பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாமற்போனது ஏன்?
2. ஆலைத் தொழிலாளரின் குறைகள் மூன்றினைக் கூறுக.
3. உணவு இடைவேளை 10 நிமிடம் கூடியதனால் தொழிலாளரிடம் தோன்றிய நம்பிக்கை யாது?
4. வாடியா சங்கத்திலிருந்து விலகியது ஏன்?
5. திரு.வி.க. தமிழ்த்தென்றல் என அழைக்கப்பட்டது எதனால்?

ஈ. பத்துத் தொடர்களில் விடை எழுதுக.

1. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் தோல்வியுற்றதற்கான காரணங்களை விளக்குக. வேலைக்குத் திரும்பியோரின் நிலையையும் எண்ணிப்பார்த்து எழுதுக.
2. மக்களின் மொழியில் பேசியமையால் திரு.வி.க. தொழிலாளருக்கு எவ்வாறு துணைசெய்தார்?

உ. பிரித்து எழுதுக.

1. தமிழாசிரியர் = __________ + __________
2. கதவடைப்பு = __________ + __________
3. தொழிற்சங்கம் = __________ + __________
4. கண்ணொளி = __________ + __________

ஊ. எதிர்ச்சொல் எழுதுக.

1. தோல்வி 2. ஒற்றுமை 3. பகை 4. முதுமை

எ. செயல்பாடு

உங்கள் குடும்பத்தில் பெங்களூருவுக்கு முதன்முதலில் வேலை தேடி வந்தவர் யார் எனப் பெரியவர்களிடம் கேட்டறிக. அவர் எங்கு வேலை செய்தார், எத்தனை மணிநேரம் உழைத்தார், உடன் உழைத்தோர் எம்மொழிகள் பேசினர் என்பனவற்றைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.